காக்கை உட்கார விழுந்த பனம்பழம் அல்ல

அறிவியலைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களுக்கும் பத்தி எழுதுகிறவர்களுக்கும் நம்மிடையே ஒரு சொல் ரொம்பவும் பிடித்துப்போய்விட்டது: தற்செயல். பெனிசிலின் தற்செயல். எக்ஸ்-கதிர் தற்செயல். பெருவெடிப்பின் மிச்ச வெப்பத்தை இரண்டு பேர் ஆன்டெனாவில் புறா எச்சத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தார்கள், அதுவும் தற்செயல். இந்த வரிசையில் காமா கதிர் வெடிப்புகளும் எப்போதோ சேர்ந்துவிட்டன. "அணுகுண்டைத் தேடிப் போனாங்க, அண்டத்தையே கண்டுபிடிச்சாங்க" என்று ஒரு வரி. அதற்குக் கைதட்டல் நிச்சயம். கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த வரி வந்துவிடும்: "அதனாலதான் சொல்றேன், திட்டம் போட்டு கோடி கோடியா கொட்டி அறிவியல் பண்ண முடியாது. அதுவா வரணும்."

என் சண்டை இந்த இரண்டாவது வரியோடு. ஆனால் அது முதல் வரியின் தோளில் ஏறி நிற்கிறது, ஆகவே முதலில் அதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. காமா கதிர் வெடிப்புகளின் கதையில் எல்லாவற்றையும் திருப்பிப்போட்ட நாள் ஒன்று உண்டு: 1997 பிப்ரவரி 28. அன்று ஓர் இத்தாலிய-டச்சு செயற்கைக்கோள், வெடிப்பு நடந்து எட்டு மணி நேரம் கழித்து அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்து, அணைந்துகொண்டிருந்த எக்ஸ்-கதிர்த் தணல் ஒன்றைக் கண்டது. அதையும் 'அதிர்ஷ்டம்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த எட்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

அதற்கு முன் அணுகுண்டுக் கதையை முடித்துவிடலாம். 1963-ல் கையெழுத்தான அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை யாராவது விண்வெளியில் போய் மீறுகிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா அனுப்பியவை வேலா செயற்கைக்கோள்கள். அவற்றில் 1967 ஜூலை 2 அன்று ஒரு காமா கதிர்த் துடிப்பு பதிவானது. 1969-ல் லாஸ் அலமோஸில் ரே கிளெபசடெலும் ராய் ஓல்சனும் வெவ்வேறு செயற்கைக்கோள்களின் பதிவுகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டபோதுதான் அது கண்ணில் பட்டது. ஏன் ஒப்பிட்டார்கள்? விண்மீன் வெடிக்கும்போது காமா கதிர்கள் பீறிடும் என்று ஸ்டெர்லிங் கோல்கேட் கணித்திருந்தார். அப்படி ஏதாவது கிடைக்குமா என்று தேடினார்கள். அதற்கப்புறமும் அவசரப்படவில்லை. செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் துல்லியமாகும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றிலும் துடிப்பு எந்த நொடியில் வந்தது என்ற வித்தியாசத்தை வைத்துத் திசையைக் கணக்கிட்டு, பூமியிலிருந்தும் சூரியனிலிருந்தும் வரவில்லை என்று உறுதிசெய்த பிறகே 1973-ல் 16 வெடிப்புகளோடு கட்டுரை வெளியிட்டார்கள். இதைப் புதையல் தடுக்கி விழுந்த கதையாகச் சொல்வது, அந்தப் பதிவுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டியவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, 1973-ல் தெரிந்தாயிற்று. அதற்கப்புறம்? இருபத்து நான்கு வருடம் ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லை. வெடிப்புகள் சில நொடிகளோ சில நிமிடங்களோ மின்னி மறைந்தன. எவ்வளவு தூரத்தில் நடக்கின்றன? பக்கத்திலா, பால்வீதியைச் சுற்றியுள்ள வெளியிலா, பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலா? யாராலும் சொல்ல முடியவில்லை. 1994 வாக்கில் ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது இவற்றை விளக்க நூற்றுக்கும் மேற்பட்ட கோட்பாடுகள் இருந்தன. தரவு பஞ்சமாக இருக்கும் ஊரில் கோட்பாடு செழிக்கும்.

1991-ல் நாசா அனுப்பிய காம்ப்டன் ஆய்வகத்தின் பாட்சே கருவி கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு வெடிப்பைப் பதிவுசெய்தது. வானம் முழுக்க ஒரே சீராக விழுந்திருந்தன. பால்வீதியின் பட்டையைப் பின்பற்றவே இல்லை. அதை வைத்து 1995 ஏப்ரலில் வாஷிங்டனில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. 1920-ல் ஷேப்லியும் கர்ட்டிஸும் அண்டத்தின் அளவைப் பற்றி மோதிய அதே அரங்கம். போடான் பச்சின்ஸ்கி 'இவை அண்டத்தின் தொலைதூரத்தில் நடப்பவை' என்றார். டான் லாம்ப் 'நம் பால்வீதியின் வெளிவட்டத்தில் திரியும் நியூட்ரான் விண்மீன்கள்' என்றார். நடுவர் மார்ட்டின் ரீஸ். தீர்ப்பு எதுவும் வரவில்லை. வர வழியும் இல்லை, ஏனென்றால் ஆயிரக்கணக்கில் மின்னல்களைக் கையில் வைத்திருந்தும் ஒன்றுக்குக்கூட முகவரி கிடையாது.

காமா கதிரைக் கண்ணாடியாலோ வில்லையாலோ குவிக்க முடியாது. பாட்சே ஒரு வெடிப்பின் இடத்தைச் சொன்னால் அதில் சில பாகைகள் பிழை இருக்கும். முழுநிலவின் அகலம் அரைப் பாகை. நிலவைப் போல் பல மடங்கு அகலமான வான்துண்டைக் காட்டி "இதற்குள் எங்கேயோ" என்றால், அதற்குள் எத்தனை ஆயிரம் விண்மீன்கள், எத்தனை கேலக்ஸிகள்! இரவு மூன்று மணிக்கு ஒருவர் போன் செய்து "மதுரையில் ஒரு வீட்டில் தீ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது மாதிரி. தீயணைப்பு வண்டி எங்கே போகும்? வீட்டைக் கண்டுபிடிக்க ஒரே வழி, தீ அணைந்த பிறகும் புகையும் தணலும் மிச்சமிருந்து, அதை வேறொரு கருவியால் பார்ப்பது. எக்ஸ்-கதிரை மிகச் சாய்ந்த கோணத்தில் வைத்த கண்ணாடிகளால் குவிக்க முடியும். ஆகவே எக்ஸ்-கதிரில் தணல் இருந்தால் முகவரி கிடைக்கும்.

தணல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்களா? இருந்தார்கள். வெடிப்பிலிருந்து ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பீறிடும் பொருள், சுற்றியுள்ள மெல்லிய வாயுவில் மோதிச் சிறிது சிறிதாக வேகம் இழக்கும். அந்த மோதலின் முகப்பில் முடுக்கம் பெற்ற எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ஒளிரும். ஆற்றல் குறையக் குறைய முதலில் எக்ஸ்-கதிரிலும் பிறகு கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் கடைசியில் ரேடியோவிலும் மங்கும். (தணல் என்கிறேனே தவிர, இது சூட்டினால் ஒளிரும் தணல் இல்லை. 'பின்னொளிர்வு' என்பது சரியான சொல்தான், ஆனால் அதில் அணைந்துகொண்டிருக்கும் உணர்வு இல்லை.) பீட்டர் மேசாரோஷும் மேலே சொன்ன நடுவர் ரீஸும் இதைக் கணக்குப் போட்டு எழுதிய கட்டுரை அச்சில் வந்த தேதி 1997 பிப்ரவரி 10. தணல் கிடைத்தது அதற்குப் பதினெட்டு நாள் கழித்து. காக்கை உட்காரப் போகிறது என்று பதினெட்டு நாளுக்கு முன்னால் அச்சடித்து வைத்திருந்தால் அதற்குப் பெயர் என்ன?

இப்போது செயற்கைக்கோளுக்கு வருவோம். பெப்போசாக்ஸ் 1996 ஏப்ரல் 30 அன்று ஏவப்பட்டது. பல வருடத் தாமதம். பணத்தைத் தின்றுகொண்டு தரையிலேயே கிடக்கிறது என்ற ஏச்சும் சேர்ந்துகொண்டது. அதன் முதன்மை வேலை காமா வெடிப்புகள் இல்லை, பலவகை எக்ஸ்-கதிர் மூலங்களை விரிவான ஆற்றல் பரப்பில் ஆராய்வது. தற்செயல்காரர்கள் இங்கேதான் துள்ளிக் குதிப்பார்கள்: "பாத்தீங்களா, வேற எதுக்கோ போனது!" கொஞ்சம் பொறுங்கள். அதில் உயர் ஆற்றல் எக்ஸ்-கதிர்களை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. பக்கவாட்டிலிருந்து வரும் வேண்டாத துகள்களை விலக்க அதைச் சுற்றி நான்கு சீசியம் அயோடைடுப் பலகைகள் கேடயமாக நின்றன. இந்தக் கேடயத்தையே காமா வெடிப்பு உணர்த்தியாகவும் பயன்படுத்தலாம் என்று ஃபிலிப்போ ஃப்ரொன்டேராவின் குழு யோசித்து, அதற்கென்று தனி மின்னணுச் சுற்றுகளைச் சேர்த்தது. அதே செயற்கைக்கோளில் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் செய்த இரண்டு அகன்ற பரப்பு எக்ஸ்-கதிர்க் கேமராக்களும் இருந்தன. அவற்றின் முன்னால் துளைகள் போட்ட ஒரு தகடு; உணரியில் விழும் நிழலின் வடிவத்திலிருந்து மூலத்தின் இடத்தைக் கணக்கிடலாம். கேடயத்தின் இரண்டு பலகைகள் இந்த இரண்டு கேமராக்கள் பார்க்கும் திசைகளையே பார்த்தன. அதாவது, கேடயம் "இப்போது காமா வெடிப்பு" என்று மணியடிக்கும் அதே நொடியில் கேமராவில் எக்ஸ்-கதிர் எண்ணிக்கை எகிறினால் இடமும் கிடைத்துவிடும். அது போனது வேறு வேலைக்குத்தான். இந்த வேலைக்கும் சேர்த்து ஏற்பாடு பண்ணிக்கொண்டு போனது.

அந்தச் செயற்கைக்கோளின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனசில்லை. 'பெப்போ' என்பது ஜுசெப்பே ஓக்கியாலினியின் செல்லப் பெயர். 1930 வாக்கில் இத்தாலியில் புரூனோ ரோஸ்ஸி ஒரு மின்சுற்றைக் கண்டுபிடித்திருந்தார்: இரண்டு மூன்று உணரிகள் ஒரே கணத்தில் சொடுக்கினால் மட்டும் 'ஆமாம்' என்று சொல்லும் சுற்று. அதைக் கற்றுக்கொண்டு கேம்பிரிட்ஜுக்குப் போன ஓக்கியாலினி, அங்கே பிளாக்கெட்டோடு சேர்ந்து 1932-ல் ஒரு வேலை செய்தார். அதுவரை மேகக்கலத்தில் அண்டக் கதிரைப் படம்பிடிப்பது குருட்டாம்போக்கில் நடந்தது. நூறு படம் எடுத்தால் ஏதோ சிலவற்றில் துகளின் தடம் விழும். இவர்கள் கலத்துக்கு மேலும் கீழும் எண்ணிகளை வைத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் துகள் புகுந்தால் மட்டும் கலம் இயங்கும்படி செய்தார்கள். துகள் தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது. அதன் பிறகு பெரும்பாலான படங்களில் தடம் இருந்தது. இதில் ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் இந்த முறைக்கும் சரி, நாம் தற்செயல் என்று சொல்வதற்கும் சரி, 'கோயின்சிடென்ஸ்' என்ற ஒரே சொல்தான். முதலாவது இரண்டாவதை ஒழிப்பதற்காக உண்டானது! தற்செயலைத் தன் கருவியிலிருந்து துரத்திய மனிதரின் பெயரைத் தாங்கிய செயற்கைக்கோள், கேடயமும் கேமராவும் ஒரே நொடியில் சொடுக்குகின்றனவா என்று அவர் முறையிலேயே பார்த்துக் கண்டுபிடித்ததை நாம் தற்செயல் என்கிறோம்.

முதல் முயற்சியே பலித்துவிட்டது என்றால்கூட அதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொள்ளலாம். 1996 ஜூலை 20 அன்று ஒரு வெடிப்பு கேடயத்திலும் கேமராவிலும் சேர்ந்து பதிவானது. ஆனால் அது அப்போதே தெரியவில்லை. சேமித்த தரவுகளைப் பிறகு அலசும்போதுதான் தெரிந்தது. செயற்கைக்கோளின் குவிக்கும் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிகளை அந்தப் பக்கம் திருப்பியபோது 45 நாள் ஆகியிருந்தது. தணல் எதுவும் அகப்படவில்லை. 1997 ஜனவரி 11 அன்று இன்னொன்று, நல்ல பிரகாசமானது. இந்தத் தடவை 16 மணி நேரத்தில் திரும்பிவிட்டார்கள். அப்போதும் வெடிப்போடு உறுதியாகச் சேர்த்துச் சொல்லும்படி ஒன்றும் கிட்டவில்லை. பிப்ரவரி 28 வெள்ளிக்கிழமை, உலக நேரம் 2 மணி 58 நிமிடம், ரோமில் விடிகாலை நான்கு ஆகப்போகிறது. இந்தத் தடவை எட்டு மணி நேரம்.

45 நாள், 16 மணி நேரம், 8 மணி நேரம். இந்த மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவரும் அதிர்ஷ்டம் என்ற சொல்லைக் கொஞ்சம் தயங்கித்தான் எடுப்பார்கள். எட்டு மணி நேரம் என்பதே பெரிய சாதனை என்று புரிய அந்தச் செயற்கைக்கோளின் அன்றாடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது நிலநடுக்கோட்டை ஒட்டி, சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் கென்யாவின் கடற்கரையில் மாலிந்தி என்ற ஊரிலிருந்த தரைநிலையத்துக்கு மேலே சில நிமிடங்கள் கடக்கும். அந்தச் சில நிமிடங்களில்தான் சேமித்ததைக் கொட்டவும் புதிய ஆணைகளை வாங்கிக்கொள்ளவும் முடியும். கொட்டியது அங்கிருந்து ரோமுக்குப் போகும். ரோமில் இரவு ஷிஃப்ட்டில் இருப்பவர்கள் கேடயத்தின் மணியைப் பார்க்க வேண்டும்; அதே நேரத்தில் கேமராவில் ஏற்றம் உண்டா என்று பார்க்க வேண்டும்; நிழலிலிருந்து படத்தைக் கணக்கிட வேண்டும்; சூரியனின் திசை, மின்தகடுகளின் கோணம் எல்லாம் சரிபார்த்துத் திருப்புவதற்கான ஆணைகளை எழுத வேண்டும்; அடுத்த மாலிந்திக் கடப்புக்குள் அனுப்ப வேண்டும். தவறவிட்டால் இன்னும் ஒன்றரை மணி நேரம் போச்சு. எல்லாம் மனிதர்கள் கையால் செய்தது. ஜூலையில் இது பழக்கத்தில் இல்லை. பிப்ரவரிக்குள் பழகியிருந்தது.

என்ரிக்கோ கோஸ்டா முதலானோர் பின்னர் வெளியிட்ட முடிவின்படி, ஓரியன் விண்மீன் குழுவின் திசையில் கேமரா காட்டிய சிறு வட்டத்துக்குள் அதுவரை பதிவில் இல்லாத ஓர் எக்ஸ்-கதிர் மூலம் இருந்தது. புதிய மூலம் இருந்தால் மட்டும் போதாது. வானத்தில் சொந்தக் காரணத்துக்காக ஒளிரும் எக்ஸ்-கதிர் மூலங்கள் ஏராளம். இது அவற்றில் ஒன்றாக இருக்கலாம். எனவே மூன்றரை நாள் கழித்து, மார்ச் 3 அன்று மறுபடி பார்த்தார்கள். வெளிச்சம் இருபதில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒரு பொருள் வெடித்ததற்கான சாட்சி அது பிரகாசமாக இருப்பதில் இல்லை, ஒழுங்கோடு மங்குவதில் இருக்கிறது. நேரத்தின் 1.3 அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் மங்கியது என்று கட்டுரை சொல்கிறது. பயப்படாதீர்கள், கணக்கு எளிது. நேரம் பத்து மடங்கு ஆனால் வெளிச்சம் இருபதில் ஒன்று ஆகும். எட்டு மணி நேரத்தில் பார்த்தது, எண்பது சொச்சம் மணி நேரத்தில் பார்த்தது, சரியாகப் பொருந்துகிறது. ஜூலையில் போன 45 நாளுக்கு இதே கணக்கைப் போட்டால், எட்டாவது மணி நேரத்தில் இருந்ததில் ஐந்நூறில் ஒரு பங்கு மிஞ்சினால் அதிகம். தணல் சாம்பலான பிறகு போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்காததில் ஆச்சரியம் என்ன?

இதற்கிடையில் இடம் தெரிந்த அன்றிரவே யான் வான் பாரடைஸின் குழுவுக்காக லா பால்மா தீவிலுள்ள 4.2 மீட்டர் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி அதே வட்டத்தைப் படம் பிடித்திருந்தது. மார்ச் 8 அன்று எடுத்த படத்தோடு ஒப்பிட்டபோது முதல் படத்தில் இருந்த ஒரு புள்ளி இரண்டாவதில் இல்லை. இருபத்து நான்கு வருடத்தில் முதல் முகவரி. மே 8 அன்று அடுத்த வாய்ப்பு வந்தபோது கருவிகள், ஆட்கள் எல்லாம் தயார். மூன்றே நாளில் மார்க் மெட்ஸ்கரும் சகாக்களும் ஹவாயின் கெக் தொலைநோக்கியால் அந்தத் தணலின் நிறமாலையை எடுத்தார்கள். செம்பெயர்ச்சி குறைந்தது 0.835. அந்த ஒளி நம்மை வந்தடைய 700 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கிறது. டேல் ஃப்ரெயில் அதே தணலை ரேடியோவிலும் பிடித்தார். 1995-ல் தீர்ப்பில்லாமல் கலைந்த பட்டிமன்றத்துக்கு இரண்டே வருடத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. பச்சின்ஸ்கி சொன்னது சரி.

அதிர்ஷ்டம் துளிகூட இல்லையா? இருக்கிறது, மறைப்பானேன்! இரண்டு கேமராக்களும் சேர்ந்து ஒரு நேரத்தில் வானத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பார்க்கவில்லை. வெடிப்பு அந்தப் பக்கமாக விழ வேண்டும். அன்று விழுந்தது. ஆனால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு வெடிப்பு எப்படியும் நடக்கிறது என்று பாட்சே சொல்லிவிட்டது. வருடத்துக்குச் சில இந்தக் கேமராக்களில் விழத்தான் செய்யும். பெப்போசாக்ஸ் வேலை செய்த ஆறு ஆண்டுகளில் ஐம்பது சொச்சம் விழுந்தன. தூண்டிலில் இந்த நிமிடம் மீன் கடிக்குமா என்பது அதிர்ஷ்டம். ஏரியில் மீன் இருக்கிறது என்று தெரிந்து, தினமும் போய் உட்கார்ந்து, வருடம் முழுவதும் ஒன்றுமே பிடிக்காமல் போவதுதான் அதிசயம். பிப்ரவரி 28-ஐத் தவறவிட்டிருந்தால் மே 8 இருந்தது. மே 8-ம் கைநழுவியிருந்தால் டிசம்பரில் ஒன்று இருந்தது. தேதி மாறியிருக்கும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு வேறொரு கதவைத் திறக்கும். "சரி, திட்டம் போட்டே பிடிச்சாங்கன்னு வெச்சுக்குவோம். எதிர்பார்த்ததுதான் கிடைச்சுது. அதுல என்ன புதுசு?" நல்ல கேள்வி. பதில் ஸ்விஃப்ட் செயற்கைக்கோளில் இருக்கிறது. எட்டு மணி நேரத்தை ஒன்றிரண்டு நிமிடமாகக் குறைக்க வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்டு 2004 நவம்பர் 20 அன்று ஏவப்பட்டது. வெடிப்பைத் தானே உணர்ந்து, தரையிலிருந்து ஆணைக்குக் காத்திராமல் தானே திரும்பும். அதன் எக்ஸ்-கதிர்க் கண்ணாடிகள்கூடப் பழைய சரக்கு: ரஷ்யச் செயற்கைக்கோள் ஒன்றுக்காகச் செய்து, அந்தத் திட்டம் நடக்காமல் போனதால் மிஞ்சிக் கிடந்தவை. அவற்றைத் தூக்கிப் போடாமல் இருபது வருடம் வேலை வாங்கியிருக்கிறார்கள்.

1997-ன் கணக்கைப் பின்னோக்கி நீட்டினால் எட்டாவது நிமிடத்தில் தணல் எட்டாவது மணி நேரத்தில் இருந்ததைப்போல் இருநூறு மடங்கு பிரகாசமாக, ஒரே நேர்கோட்டில் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்விஃப்ட் போய்ப் பார்த்தால் கதையே வேறு. முதல் சில நூறு நொடிகளுக்கு வெளிச்சம் மலையிலிருந்து கல் உருண்ட மாதிரி சரிகிறது. பிறகு திடீரென்று, சரிவே இல்லையோ என்று நினைக்கும்படி ஒரு சமவெளி. சில சமயம் மணிக்கணக்கில். அதற்கப்புறம்தான் பழைய கணக்குப்படி இறக்கம். நடுநடுவே, எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்த வேளையில் எக்ஸ்-கதிர் பீறிட்டுத் தணியும் பிழம்புகள் வேறு. அந்தச் சமவெளிக்குக் காரணம் என்ன? உள்ளே பிறந்த காந்த நியூட்ரான் விண்மீன் ஒன்று சுழன்று சுழன்று ஆற்றலை ஊட்டிக்கொண்டே இருக்கிறதா, கருந்துளைக்குள் பொருள் திரும்ப விழுகிறதா, அல்லது நாம் அந்தப் பீச்சலை நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்ப்பதன் விளைவா? இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. 'ஒரு நொடியில் வெடித்து முடிந்தது' என்று நம்பிய ஒன்றின் எந்திரம் நிமிடங்களுக்கும் மணிகளுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. எதிர்பார்க்காததைப் பார்ப்பதற்கும், எதிர்பார்த்துக் கட்டிய கருவி வேண்டியிருக்கிறது.

பொறுமைக்கு இன்னொரு சாட்சி 2017 ஆகஸ்ட் 17. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை வந்தது, கூடவே ஒரு சின்னக் காமா துடிப்பு. சந்திரா எக்ஸ்-கதிர் ஆய்வகம் (நம் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர்தான்) இரண்டாம் நாள் பார்த்தது: ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் மறுபடி பார்த்தது: மங்கலாக ஒரு புள்ளி. அது மங்குவதற்குப் பதில் ஐந்து மாதம் வரை ஏறிக்கொண்டே போய், அதற்கப்புறம்தான் இறங்கத் தொடங்கியது. பீச்சல் நம்மை நோக்கி இல்லாமல் பக்கவாட்டில் போனதால் அதன் விளக்கு நம் பக்கம் விரிந்து வர அவ்வளவு நாள் ஆயிற்று. இரண்டாம் நாளின் வெறும் படத்தைப் பார்த்துவிட்டுக் கடையைக் கட்டியிருந்தால் இது தெரிந்திருக்குமா? ஒன்பதாம் நாள் மறுபடி பாருங்கள் என்று சொன்னது எந்தக் காக்கை?

நம் செய்தித்தாள்களும் காணொளிக்காரர்களும் இந்தப் பாதியைக் கண்டுகொள்வதே இல்லை. 2022 அக்டோபர் 9 வெடிப்பு ஞாபகம் இருக்கும். 'வரலாற்றிலேயே பிரகாசமானது', 'பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை' என்று இரண்டு நாள் அமர்க்களப்பட்டது. எக்ஸ்-கதிரில் என்ன நடந்தது என்று யாராவது எழுதினார்களா? வெடித்து முக்கால் மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகு, அந்தத் தணலையே ஸ்விஃப்ட் உணர்ந்தது. திசை பால்வீதியின் பட்டையில் இருந்ததால் முதலில் நம் கேலக்ஸிக்குள்ளேயே உள்ள ஏதோ ஒன்று என்று அறிவிப்பும் வந்தது. உண்மையில் அந்த ஒளி 190 கோடி ஆண்டுகள் பயணப்பட்டு வந்தது. வழியில் நம் பால்வீதியின் தூசு மேகங்களில் பட்டுச் சிதறிய எக்ஸ்-கதிர்கள் கொஞ்சம் சுற்றி, கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்ததால், தணலைச் சுற்றி வளையம் வளையமாக விரிந்தன. எக்ஸ்எம்எம்-நியூட்டன் 20 வளையங்களை எண்ணியது. ஒவ்வொரு வளையத்தின் அளவிலிருந்தும் அந்தத் தூசு மேகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். யாரோ எங்கேயோ வெடித்ததன் மிச்சத்தை வைத்து நம் வீட்டு முற்றத்தை அளக்கிறார்கள்! இதைவிட்டு 'மிகப் பெரிய வெடிப்பு' என்ற நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறோம். மின்னலைப் பார்க்க முன்னேற்பாடு வேண்டாம், அண்ணாந்தால் போதும் என்று தோன்றுகிறது. தற்செயல் கதைக்கு அது தோதாக இருக்கிறது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. 2015-ல் நாம் அனுப்பிய ஆஸ்ட்ரோசாட்டின் காட்மியம் ஜிங்க் டெல்லுரைடு கருவி 2023-க்குள் அறுநூறு காமா வெடிப்புகளைப் பதிவுசெய்துவிட்டது, அற்புதமான வேலை. ஹான்லேயில் ஒரு சிறிய ரோபோ தொலைநோக்கி தணல்களை ஒளியில் துரத்துகிறது. ஆனால் மின்னலை உணர்ந்த நிமிடமே தானாகத் திரும்பி எக்ஸ்-கதிரில் தணலைப் பார்க்கும் செயற்கைக்கோள் நம்மிடம் இல்லை. அதைக் கேட்டு ஒரு குழு அரசின் முன்னால் நின்றால், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரும் நாம் எழுதிய கட்டுரைகளைப் படித்து வளர்ந்தவராகத்தான் இருப்பார். "இதெல்லாம் லக்குதானே சார்" என்று அவர் சொன்னால், அந்தச் சொல்லை அவர் வாயில் வைத்தவர்கள் நாம். அடுத்த கேள்வி இன்னும் மோசம்: இரவு ஷிஃப்ட்டுக்கு எதற்கு ஆள், தரைநிலையத்துக்கு எதற்கு வருடாந்திரச் செலவு, அணைந்துபோனதை எதற்குத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். தற்செயலை நம்புகிறவர் முதலில் வெட்டுவது இந்தச் சில்லறைச் செலவுகளைத்தான். 1997-ன் எட்டு மணி நேரம் முழுக்க முழுக்க இந்தச் சில்லறைகளால் ஆனது.

பணக்கார நாட்டிலும் இதே பேரம்தான். ஸ்விஃப்ட்டில் உந்து எந்திரம் கிடையாது. சூரியனின் சீற்றத்தால் மேல்வளிமண்டலம் உப்பியதில் அதன் உயரம் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்துகொண்டு வந்தது. இருபது வருடம் உழைத்தாயிற்று, விழுந்தால் விழட்டும் என்று விட்டிருக்கலாம். 2025 செப்டம்பரில் நாசா அரிசோனாவிலுள்ள கட்டலிஸ்ட் என்ற நிறுவனத்துக்கு 3 கோடி டாலருக்கு ஒப்பந்தம் கொடுத்தது: 2026-ல் ஒரு ரோபோ கலம் போய் ஸ்விஃப்ட்டைப் பிடித்து மேலே தள்ளிவிட வேண்டும். வானில் பழுதுபார்க்க யாராவது வருவார்கள் என்று நினைத்துக் கட்டிய செயற்கைக்கோள் இல்லை அது. பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடிகூட அதில் வைத்திருக்கவில்லை. எங்கே பிடிப்பது என்பதிலிருந்தே அவர்கள் யோசிக்க வேண்டியிருந்தது.